அவர் விழுங்கியது அவளுக்கு ஏறியது

நாக்குக்காரர் குடித்த பீரின் போதை அவருக்கு ஏறாமல் அவர் மனைவிக்கு ஏறத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு. நேரத்தில் சந்தேகம் இல்லை. பதினாலாம் நம்பர் பஸ் வரி அலுவலக நிறுத்தத்தில் நின்றுபோன நேரத்தை டிப்போ பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள். அதே நேரத்தை அவரும் தன் சுவைக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். அவர் மூன்றாம் மாடி வீட்டின் முன்னறையில், ஜன்னலோர மேசையில், பதினொன்றரை சதவீத ஆல்கஹால் உள்ள கறுத்த பீர் ஒன்றின் முதல் வாயை விழுங்கினார். நாலு கிலோமீட்டருக்கு அப்பால், முப்பத்தெட்டுப் பயணிகளோடு பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அவர் மனைவிக்குக் காது மடல் சூடாயிற்று. இரண்டாவது வாய்க்குக் கன்னம் மரத்தது. மூன்றாவது வாய்க்கு, எதிரே வந்த குப்பை லாரியைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. குப்பை லாரியில் சிரிக்க ஒன்றும் இல்லை என்பது பதினோரு வருடம் பஸ் ஓட்டியவளுக்குத் தெரியாதா? உடனே ஓரங்கட்டினாள். கைப்பிரேக்கைப் போட்டாள். சாவியை உருவி முன் இருக்கையில் இருந்த பெண்மணியின் கையில் கொடுத்து, "இத நீங்க வச்சுக்கங்க. நானே கேட்டாலும் குடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் போனவர்கள் அவள் மூச்சில் கிராம்பும் உலர்ந்த திராட்சையும் கருகிய சர்க்கரையும் மணந்ததாகச் சொன்னார்கள். அடுத்த பஸ் வர இருபது நிமிடம் ஆயிற்று.

நாக்குக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். பெல்ஜியத்து மடங்களில் துறவிகள் காய்ச்சிய முறையை வைத்துக்கொண்டு இங்கே சின்னச் சின்னக் கூடங்களில் சிலர் பீர் காய்ச்சுகிறார்கள் அல்லவா, அதை ருசி பார்த்து ஒரு வார இதழில் மதிப்பெண் போடுவது அவர் தொழில். பழுப்பாக இருப்பது டுப்பெல், பொன்னிறமாக இருப்பது ட்ரிப்பெல், கறுத்துக் கனத்திருப்பது க்வாட்ரூப்பெல். எல்லாமே சாதாரண பீரைப்போல் இரண்டு பங்கு போதை உள்ளவை. பாட்டிலுக்குள் அடைத்த பிறகும் சும்மா இராமல் நுரைத்துக்கொண்டே இருப்பவை. அவற்றை ஐஸில் புதைத்து மடக்கென்று குடிப்பவனைக் கண்டால் அவருக்கு ரத்தம் கொதிக்கும். காலை பதினோரு மணிக்கு, நாக்கு சுத்தமாக இருக்கும்போது, வாய் குறுகிய கண்ணாடிக் குவளையில் பாதி ஊற்றுவார். மூன்று தடவை மோந்து பார்ப்பார். பிறகு ஒரு வாய். அதை விழுங்குவார். இதுதான் முக்கியம். ஒயின் ருசி பார்ப்பவர்கள் வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பிவிடுவார்கள்; பீர்க்காரர்கள் துப்பமாட்டார்கள். கசப்பு நாக்கு நுனியில் நிற்பதில்லை, தொண்டைக்குழியில் இறங்கும்போதுதான் அது தன் முகத்தைக் காட்டும். "துப்பிட்டு எழுதுறவன் பொய் எழுதுறான்" என்று அவர் அச்சிலேயே எழுதியிருக்கிறார், இரண்டு தடவை. அப்படி எட்டு வருடம் விழுங்கி எழுதியதால்தான் அவர் எண்பது போட்டால் கடைகளில் எண்பது பெட்டி போயிற்று.

அவர் மனைவி ஒரு சொட்டுத் தொட்டதில்லை. இருமல் மருந்துகூடக் குடிக்கமாட்டாள், ஏனென்றால் ஓட்டுநர்கள் தினமும் சாவி வாங்குமுன் டிப்போவில் ஒரு கருவியில் ஊதிக் காட்ட வேண்டும். பதினோரு வருடம் ஊதி, பதினோரு வருடமும் பூஜ்யம். அந்த வேலைக்கு அவள் மூன்று தடவை விண்ணப்பித்து, மூன்று தடவையும் "கால் எட்டுமா" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். நாலாம் தடவை எட்டிக் காட்டினாள். வீட்டில் கூன்போட்டு நடப்பவள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தால் நெட்டுக்குத்தாக இருப்பாள். யார் எந்த நிறுத்தத்தில் ஏறுவார்கள், எவர் ஓடிவந்து ஏறுவார், எவருக்காக அரை நிமிடம் தாமதிக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பயணிகள் அவளைப் பதினாலு அக்கா என்பார்கள். ஊரில் வேறு எந்தப் பேரும் அவளுக்கு இவ்வளவு பிடித்ததில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் டிப்போவில் ஊதச் சொன்னார்கள். கருவி சிவப்பாயிற்று. டிப்போ மேனேஜர் அவளைவிடப் பத்து வயது சின்னவர், பஸ்ஸைப் பின்னால் எடுக்க அவளிடம்தான் கற்றுக்கொண்டவர். அவர் கருவியைத் துடைத்தார், தட்டினார், தானே ஊதிப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா, நான் என்ன பண்ணட்டும்" என்றார்.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் அவள் தம்பி. குழாய்ச் சாமான் கடை வைத்திருக்கிறவர், எதையும் ஒரு பக்கம் அடைத்து மறுபக்கம் திறந்து பார்த்துத்தான் நம்புவார். ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பின்னறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். கையில் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, என்னமாவது ஏறினால் ஒரு கோடு போடச் சொன்னார். முன்னறையில் அக்கா கணவருக்குத் தேக்கரண்டியால் அளந்து ஊற்றினார், தோன்றும்போது கொடுத்தார், தோன்றாதபோது விட்டார். பதினோரு கரண்டிக்குப் பதினோரு கோடு இருந்தது. ஏழாவது கோட்டுக்குப் பக்கத்தில் 'இது வேற' என்று எழுதியிருந்தாள்; ஏழாவது கரண்டிக்குத்தான் தம்பி யாருக்கும் தெரியாமல் பாட்டிலை மாற்றியிருந்தார். "மாமா, கனெக்ஷன் மாறிப்போச்சு. எங்க மாறுச்சுன்னுதான் பிடிபடல" என்றார் தம்பி. நாக்குக்காரர் வெட்கத்தில் சுருங்கிப்போனார். அந்த ஐந்து நாளும் எவ்வளவு விழுங்கியும் தலை தெளிவாகவே இருந்ததற்கு அனுபவம்தான் காரணம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவர் அவர். டாக்டர் இருவர் ரத்தத்தையும் பரிசோதித்து, கணவரின் ஈரல் பச்சைக்குழந்தையின் ஈரல் மாதிரி இருப்பதாகவும், மனைவியின் ஈரல் கொஞ்சம் களைத்திருப்பதாகவும் சொன்னார். இதற்கு வைத்தியத்தில் பெயர் இல்லை, பெயர் இல்லாததற்கு மாத்திரை எழுத முடியாது என்றும் சொன்னார். பஸ் நிர்வாகத்துக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினார்கள். நிர்வாகம் நம்பவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு மாதத்தில் பதில் வந்தது: குடித்தது யார் என்பது குடும்ப விஷயம், மூச்சு யாருடையது என்பதே நிர்வாகத்தின் விஷயம்; முப்பது நாள் தொடர்ந்து பூஜ்யம் காட்டினால் சாவி திரும்பக் கிடைக்கும். அதுவரை அவளைத் தொலைந்த பொருள் கவுண்டரில் உட்காரவைத்தார்கள். குடைகளும் ஒற்றைச் செருப்புகளும் ஒரு பல் செட்டும் அங்கே இருந்தன.

அவர் நல்ல மனிதர், இதைச் சொல்லியாக வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு வாளி வாங்கிவந்து மேசைக்கடியில் வைத்து, எட்டு வருடம் திட்டிய காரியத்தைச் செய்தார். துப்பினார். மனைவிக்கு ஒன்றும் ஏறவில்லை. முப்பது பூஜ்யம் காட்டி அவள் பஸ்ஸுக்குத் திரும்பினாள், பயணிகள் கை தட்டினார்கள், எல்லாம் சுபம் என்று நாங்கள் நினைத்தோம். மூன்றாவது வாரம், பழைய சோப்புத் தொழிற்சாலையில் பீர் காய்ச்சுகிற ஒருவர் ஒன்பதரை சதவீத ட்ரிப்பெல் ஒன்றை அனுப்பியிருந்தார். முன்வாயில் தேன், ஆரஞ்சுத் தோல், வெள்ளை மிளகு, அப்படியொரு சுகம். நாக்குக்காரர் கொப்பளித்துத் துப்பிவிட்டுத் தொண்ணூற்றொன்று போட்டார். வாங்கிக் குடித்த அத்தனை பேருக்கும் தொண்டைக்குழியில் ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி வாடை அடித்தது. இதழுக்கு இருநூறு கடிதம் வந்தது. எல்லாவற்றையும்விட அவரைக் கொன்றது, காய்ச்சியவரே மாடியேறி வந்து சொன்ன வார்த்தை. "அந்தத் தொட்டி கெட்டுப்போச்சோன்னு எனக்கே சந்தேகம் சார். நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லிடுவீங்கன்னு நம்பித்தான் அனுப்பினேன்." விழுங்கினால் மனைவி பிழைப்பில் மண், துப்பினால் அடுத்தவன் பிழைப்பில் மண். அந்த வாரமே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, குவளைகளைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டு, மைத்துனன் கடையில் குழாய் விற்கப் போனார்.

எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த எட்டு மாதத்தைத்தான் அவர்கள் இருவரும் கடைசிவரை நல்ல காலம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாவது மாதம், கடைக்குப் பின்னால் மழையில் நனைந்த அட்டைப்பெட்டிகளை அவர் பிரித்துக்கொண்டிருந்தார். பழசாகிப்போன பீருக்கு நனைந்த அட்டை வாடை உண்டு. ருசி பார்க்கிறவர்கள் முதலில் படிக்கிற பாடமே அதுதான். அந்த வாடை மூக்கில் ஏறியதும், தேவையில்லாமல், கெட்டுப்போகாத ஒரு நல்ல க்வாட்ரூப்பெல் எப்படி இருக்கும் என்று அவருக்கு நினைவு வந்தது. நினைவு வந்தது, அவ்வளவுதான். அத்திப்பழம், கிராம்பு, பழைய மரம், கடைசியில் அடித்தொண்டையில் மெல்ல ஏறும் சூடு. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அரை நிமிடம் நின்றிருப்பார். பாலத்தின்மேல் போய்க்கொண்டிருந்த பதினாலாம் நம்பரில் அவளுக்குக் காது மடல் சூடாயிற்று. பாலத்தைத் தாண்டி எப்படிக் கொண்டுவந்து நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. மாலையில் டிப்போவில் ஊதினாள். நினைப்புக்கும் சதவீதம் உண்டு என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். "குடிக்காதீங்கன்னேன், விட்டுட்டீங்க. இப்ப நினைக்காதீங்கன்னு சொல்லணுமா நான்? ஏங்க, கொஞ்சம் நினைக்காமத்தான் இருங்களேன்."

"இருந்து பாக்கறேம்மா. நினைக்கக் கூடாதுன்னு நினைக்கிறப்பவே வந்து நிக்குதே, நான் என்ன பண்ணுவேன்" என்றார் அவர். அவரும் அழுதார். அவள் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து முதலில் அவருக்குக் கொடுத்தாள், பிறகு தான் குடித்தாள்.

அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. பதினோரு மணி ஆனால் நட்டும் போல்ட்டும் எண்ணினார். பல்லைக் கடித்தார். பச்சை மிளகாயைக் கடித்தார். மிளகாயின் காரம் ட்ரிப்பெல்லின் மிளகை ஞாபகப்படுத்தியது, அவளுக்கு இரண்டு மடங்கு ஏறியது. பதினாலாம் நம்பர் போகும் வழியில் உள்ள நாற்பத்தோரு நிறுத்தங்களை அவள் அவருக்கு மனப்பாடம் பண்ணிவைத்தாள். அவர் கல்லாவில் உட்கார்ந்து வரிசையாக முணுமுணுப்பார், முப்பதாவது நிறுத்தம் சோப்புத் தொழிற்சாலை, அங்கே வந்ததும் போச்சு. இதில் அவரைக் குற்றம் சொல்லி என்ன ஆகப் போகிறது? நாக்கை அறுத்துப் போட்டாலும் ஞாபகம் நாக்கில் இல்லை. ஒரு வருடம் பார்த்தார்கள். எட்டு நாள் பூஜ்யம் வரும், ஒன்பதாம் நாள் சிவக்கும். ஒருமுறை இருபத்திரண்டு நாள் வந்தது, இருபத்திமூன்றாம் நாள் குளிக்கும்போது அவருக்கு ஒரு டுப்பெல் நினைவு வந்துவிட்டது. சோப்பு நுரைதான் காரணம் என்றார். கடைசியில் அவளே ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "நினைச்சாலும் ஏறுது, குடிச்சாலும் ஏறுது. குடிச்சே தொலைங்க. உங்க வேலையாவது உங்களுக்கு மிஞ்சட்டும்." அவர் வேண்டாம் என்றார். அவள் மறுநாள் தானே போய் ஆறு குவளை வாங்கிவந்து மேசையில் வைத்தாள். அந்த வாரம் டிப்போவில், பஸ் ஓட்ட இனி விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்தாள். அது பொய் என்று மேனேஜருக்குத் தெரியும், வாங்கிக் கோப்பில் வைத்தார்.

அதன்பின் பதினாலு வருடம். நாக்குக்காரர் மீண்டும் எழுதினார், விழுங்கி எழுதினார், ஊர் மீண்டும் நம்பியது. செவ்வாயும் வெள்ளியும் காலை பதினொன்று முதல் ஒன்றுவரை தொலைந்த பொருள் கவுண்டரை மூடிவைக்க நிர்வாகம் உத்தரவு போட்டது. குடை தொலைத்தவர்கள் அதற்கு ஏற்றபடி வந்தார்கள். உள்ளே அவள் மேசையில் தலை சாய்த்து, ஏறுவது ஏறி இறங்கட்டும் என்று படுத்திருப்பாள். வெளியே ஒவ்வொரு நாற்பது நிமிடத்துக்கும் பதினாலாம் நம்பர் வந்து நின்று புறப்படும். புது ஓட்டுநர் இரண்டாம் கியரில் இழுக்கிற சத்தம் கேட்டால் அந்தப் போதையிலும் அவளுக்குப் பல் கூசும். அவருக்கோ வேறு துக்கம். அத்தனை வருடம் அத்தனை பீர் குடித்தும் ஒரு நாள்கூட அவருக்குத் தலை லேசாகவில்லை. ருசி இருந்தது, சுகம் போய்விட்டது. மாலையில் அவள் வந்ததும், "இன்னிக்கு எப்படி இருந்துது?" என்று ஆசையாகக் கேட்பார். "தலை வலிக்குது" என்பாள். வேறெதுவும் அவள் சொன்னதே இல்லை. சொன்னால் அதில் தனக்கும் சம்பந்தம் வந்துவிடும் என்று பயந்திருக்கலாம். ஆனால் அவருக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்திருந்த நாட்களில், எழுதிய குறிப்பைச் சத்தமாகப் படித்துவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார். முகம் சுளித்தால் மதிப்பெண்ணில் இரண்டைக் குறைப்பார். பிள்ளைகள் இல்லை. சண்டை உண்டு. சேர்ந்தே படுத்தார்கள், சேர்ந்தே எழுந்தார்கள்.

அவர் இறந்தது பிற்பகலில், ஆய்வுக்கூடத்தில் அவளுடைய ரத்தப் பரிசோதனை முடிவை வாங்க வரிசையில் நின்றிருந்தபோது. மாரடைப்பு. கவுண்டரில் ஒரு சிறுமியின் தொலைந்த கணக்குப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்த அவளுக்குத் தலை திடீரென்று தெளிந்தது. காலையில் ஏறியதில் அப்போதும் மிச்சம் கொஞ்சம் இருந்தது, அது துடைத்தாற்போல் போயிற்று. பதினைந்து வருடத்தில் உலகம் அத்தனை பளிச்சென்று இருந்ததில்லை என்று பிறகு சொன்னாள். சிறுமியிடம் புத்தகத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். பிறகு போன் அடிக்குமுன்பே பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவள் டிப்போவுக்கு வந்து ஊதினாள். பூஜ்யம். யாரும் அவளை ஊதச் சொல்லவில்லை. மேனேஜர், முன்பு வாங்கி வைத்த கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துக் கிழித்துப் போட்டார். அவளுக்கு ஐம்பத்துமூன்று வயது, ஓய்வுக்கு இன்னும் ஐந்து வருடம் இருந்தது. ஐந்து வருடம் பஸ் ஓட்டலாம். அவள் அழுதுகொண்டே நாள் எண்ணினாள். புருஷன் செத்த துக்கமும் பஸ் வரப்போகிற சந்தோஷமும் ஒரே நெஞ்சில் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்க வேண்டாம், இருந்தது. இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை, அவளே தம்பியிடம் சொல்லி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். "பதினஞ்சு நாள் பூஜ்யம்டா. எனக்குச் சிரிப்பு வருதுடா, நான் மனுஷியா?" தம்பி, "அக்கா, நீ ஓட்டு. மாமாவும் அதத்தான் சொல்லுவாரு" என்றார். இருபது. இருபத்தைந்து. பழைய பயணிகள் விசாரிக்கத் தொடங்கினார்கள். இருபத்தேழாம் நாள் தட்டையான அடி வைத்த புதுச் செருப்பு வாங்கினாள். இருபத்தொன்பதாம் நாள் மேனேஜர் பதினாலாம் நம்பரைக் கழுவச் சொல்லி, இருக்கையை அவள் காலுக்கு எட்டுகிற மாதிரி முன்னால் தள்ளிவைத்தார்.

முப்பதாம் நாள் காலை அவள் ஊதினாள். கருவி சிவப்பாயிற்று. மேனேஜர் தன் கையால் அதைத் துடைத்துத் தானே ஊதிக் காட்டினார், பூஜ்யம். "அக்கா, அவசரப்படாம இன்னொரு தடவ ஊதுங்க" என்றார். அவள் ஊதினாள். இன்னும் சிவந்தது. அறையில் கிராம்பு இல்லை, திராட்சை இல்லை, அங்கே நின்ற யாருக்கும் பெயர் தெரியாத ஒரு வாசனை பரவியது. அவள் நாற்காலியைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தாள். கண் நிறைந்து வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"போய்ச் சேந்து ஒரு கிளாஸ் தேடிப் பிடிக்க இருபத்தொம்போது நாள் ஆயிருக்கு மனுஷனுக்கு" என்றாள். "தனியா கஷ்டப்பட்டிருப்பாரு."

மேனேஜர் அளவைப் பதிவேட்டில் எழுதினார். சாவியை வேறொருவரிடம் கொடுத்து அனுப்பினார். பதினாலாம் நம்பர் நாலு நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது. அவள் பேனா கேட்டாள், இன்னிக்கு எப்படி இருந்துது என்று அவர் இனி வந்து கேட்க வழியில்லை, யாராவது எழுதத்தான் வேண்டும் என்றாள். பதிவேட்டின் ஓரத்தில் நாலு வரி எழுதி, நூற்றுக்குத் தொண்ணூற்றாறு போட்டாள். அன்றிலிருந்து தினமும் எழுதுகிறாள். நிர்வாகம் அதற்கென்று ஒரு பத்தி தனியாகக் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறது.